விளையாட்டுப் பெட்டிக்கு லேப்டாப் வழியாக இன்டர்நெட் கொடுப்பது எப்படி? (செய்முறையும், நான் செய்த தவறும்)



போன மாத இதழில் எட்டாம் வகுப்பு மாணவர்கள் சூரிய அடுப்பு செய்வது எப்படி என்று எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்து நானும் அட்டைப்பெட்டியில் செய்து பார்த்தேன். முட்டை வேகவில்லை, ஆனால் தண்ணீர் நல்லா சூடாச்சு. இந்த மாதம் அறிவியல் பக்கத்துக்கு நான் எழுதுகிறேன். எங்க வீட்டில் நானே செய்த ஒரு வேலையைப் பற்றித்தான் எழுதப் போறேன். இதைச் செய்யும்போது ஒரு பெரிய தவறும் செய்தேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். நீங்கள் யாரும் அதைச் செய்துவிடக் கூடாது என்பதுதான் காரணம்.

1. எதற்காக இந்த வேலை?

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் எங்க சித்தப்பா லீவுக்கு வந்தபோது என் தம்பிக்கு ஒரு கேம் பெட்டி கொண்டு வந்தாங்க. அதன் பெயர் நின்டெண்டோ ஸ்விட்ச் லைட். 2019 செப்டம்பரில் வந்த மாடல். இரண்டு கையிலும் பிடித்து விளையாடுகிற மாதிரி இருக்கும். டிவி தேவையில்லை. சித்தப்பா மகனிடமும் அதே மாதிரி ஒன்று இருக்கு. அவன் அங்கே இருந்தும், என் தம்பி இங்கே இருந்தும் 'மரியோ கார்ட் 8 டீலக்ஸ்' என்ற கார் பந்தயம் சேர்ந்து விளையாடலாம். அதற்கு வேண்டிய சந்தாவிலும் தம்பி பேரைச் சித்தப்பாவே சேர்த்துவிட்டாங்க. ஆனால் சேர்ந்து விளையாட இன்டர்நெட் வேண்டும்.

எங்க வீட்டில் இன்டர்நெட் என்றால் அம்மாவின் போன் மட்டும்தான். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி பேக். வீட்டில் இன்னொரு பொருளும் இருக்கு. பெரியக்கா பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப். (தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 15-9-2011 அன்று தொடங்கப்பட்டது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.) அக்கா இப்போது பி.எட். படிக்கிறாங்க. பாடம் தயாரிக்க அதைத்தான் வைத்திருக்காங்க.

"போனிலேயே ஹாட்ஸ்பாட் போட்டால் கேம் பெட்டி நேராகச் சேர்ந்து கொள்ளுமே, நடுவில் லேப்டாப் எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. சேரும். முதலில் அப்படித்தான் செய்தோம். ஆனால் ஹாட்ஸ்பாட் போட்டால் போன் அடுப்பு மாதிரி சுடுது, சார்ஜ் ஒரு மணி நேரத்தில் பாதி இறங்குது. அதே நேரம் அக்காவுக்கும் லேப்டாப்பில் நெட் வேண்டும். யூஎஸ்பி வயர் போட்டு போனை லேப்டாப்பில் மாட்டினால் நெட்டும் வரும், போனுக்கு சார்ஜும் ஏறும். அப்படி லேப்டாப்புக்கு வந்த நெட்டை அங்கிருந்து கேம் பெட்டிக்குக் கொடுத்தால் என்ன என்று யோசித்தோம். வயர் பிராட்பேண்ட் மட்டும் இருந்து வைஃபை பெட்டி இல்லாத வீட்டுக்கும், டாங்கிள் வைத்திருப்பவர்களுக்கும் இதே வழிதான்.

2. லேப்டாப் நடுவில் என்ன செய்கிறது?

கேம் பெட்டியில் வயர் மாட்டும் நெட் துவாரம் இல்லை. அதற்குத் தெரிந்தது வைஃபை மட்டும். ஆனால் நெட்டோ வயரில் வருகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மாற்றும் இடம் வேண்டும்.

இதைப் படித்தபோது எனக்கு எங்க அப்பத்தா சொல்லுகிற போட் மெயில் கதைதான் ஞாபகம் வந்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னை எழும்பூரில் ரயில் ஏறியவர்கள் தனுஷ்கோடி வரை ரயிலிலேயே வந்தார்கள். ரயில் கடலில் ஓடாது. அதனால் தனுஷ்கோடித் துறையில் இறங்கிக் கப்பல் ஏறினார்கள். தலைமன்னாரில் இறங்கி மறுபடியும் ரயில் ஏறிக் கொழும்பு போனார்கள். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் தனுஷ்கோடி அழிந்து போகும்வரை இப்படித்தான் நடந்தது. பயணி அதே ஆள்தான், போகிற ஊரும் அதே ஊர்தான், வண்டி மட்டும் மாறுது.

நம்ம கதையில் லேப்டாப்தான் தனுஷ்கோடி. போனில் இருந்து வயர் வழியாக வருகிற தகவல் லேப்டாப்பில் இறங்கி, வைஃபை என்ற காற்று வழியில் ஏறி, கேம் பெட்டிக்குப் போகுது. திரும்பி வருவதும் அப்படியே. தனுஷ்கோடி அழிந்ததும் அந்த வழி நின்று போன மாதிரி, லேப்டாப் தூங்கிப் போனால் இந்த வழியும் நின்றுபோகும். இதை நினைவில் வையுங்கள். என் தவறு இங்கேதான் ஆரம்பிச்சது.

3. தேவையான பொருட்கள்

- நெட் வருகிற போன் (அல்லது டாங்கிள், அல்லது பிராட்பேண்ட் வயர்)
- விண்டோஸ் 10 உள்ள லேப்டாப். 2016 ஆகஸ்டுக்குப் பிறகு வந்த விண்டோஸ் 10-இல் 'மொபைல் ஹாட்ஸ்பாட்' என்ற வசதி உள்ளேயே இருக்கு. விண்டோஸ் 11-லும் இருக்கு.
- நல்ல யூஎஸ்பி வயர். இது முக்கியம்! சாதாரண யூஎஸ்பி வயருக்குள் நான்கு கம்பிகள் இருக்கும். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. கடையில் விற்கிற சில விலை குறைந்த வயரில் மின்சாரக் கம்பி இரண்டு மட்டும்தான் இருக்கும். சார்ஜ் ஏறும், ஆனால் லேப்டாப்புக்குப் போன் மாட்டியதே தெரியாது. நாங்க ஒரு சாயங்காலம் முழுக்க இதில் வீணாக்கினோம்.
- கேம் பெட்டி

4. செய்முறை

1) போனை வயரில் லேப்டாப்பில் மாட்டுங்கள். போனில் செட்டிங்ஸ் போய், 'ஹாட்ஸ்பாட்' என்று இருக்கிற இடத்தில் 'யூஎஸ்பி டெதரிங்' என்பதை ஆன் செய்யுங்கள். லேப்டாப்பின் மூலையில் நெட் வந்த அடையாளம் தெரியும். இது வைஃபை என்று காட்டாது, 'ஈதர்நெட்' என்று காட்டும். ஏனென்றால் லேப்டாப் இதை ஒரு வயர் இணைப்பு என்று நினைக்குது.

2) லேப்டாப்பில் வைஃபை ஆன் ஆகி இருக்கணும். ஏர்பிளேன் மோடு இருக்கக் கூடாது.

3) லேப்டாப்பில் செட்டிங்ஸ், அதில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', அதில் 'மொபைல் ஹாட்ஸ்பாட்'. எந்த இணைப்பைப் பகிர வேண்டும் என்று கேட்கும் இடத்தில் ஈதர்நெட்டைத் தேர்ந்தெடுங்கள்.

4) அதற்குக் கீழே 'எடிட்' என்று இருக்கும். அதில் ஒரு பெயரும் பாஸ்வேர்டும் வையுங்கள். பாஸ்வேர்ட் குறைந்தது 8 எழுத்து. உங்கள் பெயர், பிறந்த தேதி, 12345678 இதெல்லாம் வைக்காதீர்கள். சிம் கார்டு உங்க அம்மா அல்லது அப்பா பேரில் இருக்கும். வேறு யாராவது உள்ளே வந்து தப்பான காரியம் செய்தால் கேள்வி அவங்களிடம்தான் வரும்.

5) அலைவரிசை கேட்டால் 2.4 கிகாஹெர்ட்ஸ் வையுங்கள். இது சுவரைத் தாண்டி ஓரளவு போகும். பழைய கருவிகளுக்கும் புரியும்.

6) இப்போது ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்யுங்கள். அதிகபட்சம் 8 கருவிகள் சேரலாம்.

7) கேம் பெட்டியில் 'சிஸ்டம் செட்டிங்ஸ்', அதில் 'இன்டர்நெட்', அதில் 'இன்டர்நெட் செட்டிங்ஸ்'. சுற்றி இருக்கிற வைஃபை பெயர்கள் வரும். நீங்கள் வைத்த பெயரைத் தொட்டு பாஸ்வேர்டைப் போடுங்கள்.

8) கடைசியாக 'டெஸ்ட் கனெக்ஷன்'. வெற்றி என்று வந்தால் வேலை முடிந்தது.

எங்க தம்பி அன்றைக்கு வீட்டுக்குள்ளேயே குதிச்ச குதியில் அப்பத்தா எழுந்து உட்கார்ந்துட்டாங்க.

5. யாருக்கு வந்தது என்று லேப்டாப்புக்கு எப்படித் தெரியும்?

இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

இன்டர்நெட்டில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண் உண்டு. ஐபி எண் என்று பெயர். ஹாட்ஸ்பாட் போட்டதும் லேப்டாப் தனக்கு 192.168.137.1 என்ற எண்ணை வைத்துக்கொள்ளும். கேம் பெட்டி வந்து சேர்ந்ததும் அதற்கு 192.168.137 என்று தொடங்கும் வேறொரு எண்ணை டோக்கன் மாதிரி கொடுக்கும். ஆனால் இந்த டோக்கன் வீட்டுக்குள் மட்டும்தான் செல்லும். வெளி உலகத்துக்கு இது தெரியாது. அப்படியானால் சிங்கப்பூரில் இருந்து வருகிற பதில் எப்படிச் சரியாகத் தம்பியின் பெட்டிக்கு வருது?

நம்ம கரையில் நண்டு வியாபாரம் எப்படி நடக்குது என்று நினைத்துப் பாருங்கள். பத்துப் பேர் பத்துக் கூடை கொண்டு வந்து ஒரு வியாபாரியிடம் கொடுப்பாங்க. அவர் ஒவ்வொரு கூடைக்கும் ஒரு நம்பர் போட்டு, தன் நோட்டில் "இந்த நம்பர் இன்னார் கூடை" என்று எழுதிக்கொள்வார். பிறகு எல்லாவற்றையும் தன் பெயரில் லாரியில் ஏற்றுவார். வெளியூர் கம்பெனிக்குத் தெரிவது அவர் பெயர் மட்டும்தான். பணமும் அவர் பெயருக்குத்தான் வரும். அவர் நோட்டைப் பார்த்து யார் யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பார்.

லேப்டாப் செய்வதும் இதேதான். கேம் பெட்டி கேட்டதை, லேப்டாப் தன் பெயரில் கேட்கும். எந்த நம்பரில் கேட்டது என்று தன் நோட்டில் எழுதி வைக்கும். பதில் வந்ததும் நோட்டைப் பார்த்துக் கேம் பெட்டிக்கு அனுப்பிவிடும். இதற்கு 'நாட்' என்று பெயர். நாம் தமிழில் 'முகவரி மாற்று' என்று சொல்லலாம்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கு. நோட்டில் இல்லாத ஆள் தேடி வந்தால் வியாபாரி யாரிடம் அனுப்புவார்? திருப்பி அனுப்பிவிடுவார். சில விளையாட்டுகளில் இரண்டு கேம் பெட்டிகள் ஒன்றை ஒன்று நேராகத் தேடிப் பேசும். மரியோ கார்ட் அப்படிப்பட்டது. எங்க வீட்டில் ஒரு நோட்டு இல்லை, மூன்று நோட்டு! லேப்டாப்பில் ஒன்று, போனில் ஒன்று, செல்போன் கம்பெனியில் ஒன்று. அதனால் டெஸ்ட் செய்தபோது 'நாட் டைப்' என்ற இடத்தில் 'டி' என்று வந்தது. 'ஏ', 'பி' என்று வந்தால் நல்லது. 'டி' என்றால் 'ஏ' உள்ளவர்களோடு மட்டும்தான் சேர முடியும். நல்ல வேளை, சித்தப்பா வீட்டில் 'ஏ'. அதனால் அவன் அறையைத் திறந்து, தம்பி உள்ளே போனால் சேருது.

உங்களுக்குத் தெரியுமா?

★ கையடக்க கேம் பெட்டிகளில் வைஃபை 2004-லேயே வந்துவிட்டது. அந்த ஆண்டு நவம்பரில் நின்டெண்டோ டிஎஸ், டிசம்பரில் சோனி பிஎஸ்பி வெளிவந்தன.

★ வீட்டில் வைஃபை இல்லாதவர்களுக்காக 2005-இல் நின்டெண்டோ ஒரு சின்ன யூஎஸ்பி கருவியை விற்றது. அதைக் கணினியில் குத்தினால், கணினிக்கு வருகிற நெட் டிஎஸ் பெட்டிக்குப் போகும். நாங்கள் செய்த அதே வேலை!

★ அந்த டிஎஸ் விளையாட்டுகளுக்கான இணையச் சேவை 20-5-2014 அன்று நிறுத்தப்பட்டது.

★ சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலுக்கு அடியில் கேபிள்கள் கிடக்கின்றன. 2002-இல் போட்ட 'ஐ டூ ஐ' கேபிளின் நீளம் சுமார் 3,200 கி.மீ. கண்ணாடி இழையில் ஒளி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கி.மீ. போகும். அப்படியானால் அந்தக் கேபிளைக் கடக்க 0.016 நொடிதான்!

6. பழைய கேம் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு

என் வகுப்புத் தோழி ஒருத்தி வீட்டில் அவள் மாமாவின் பழைய பிஎஸ்பி இருக்கு. அதையும் எங்க லேப்டாப்பில் சேர்க்கப் பார்த்தோம், சேரவில்லை. பெயர் தெரியுது, பாஸ்வேர்டும் சரி, ஆனாலும் உள்ளே போகவில்லை. பெட்டி கெட்டுப்போச்சு என்று அவள் அழுதேவிட்டாள். கெட்டுப் போகவில்லை. காரணம் பூட்டு.

வைஃபையில் போகிற தகவலை வழியில் யாரும் படிக்காமல் இருக்க ஒரு பூட்டு போடுவார்கள். முதலில் வந்த பூட்டு 'வெப்'. அதைச் சுலபமாக உடைக்கலாம் என்று 2001-இல் கண்டுபிடித்துவிட்டார்கள். அதனால் 2003-இல் 'டபிள்யூபிஏ', 2004-இல் 'டபிள்யூபிஏ 2', 2018-இல் 'டபிள்யூபிஏ 3' என்று பலமான பூட்டுகள் வந்தன. பழைய டிஎஸ்ஸுக்கு 'வெப்' மட்டும்தான் தெரியும். பிஎஸ்பிக்கு 'டபிள்யூபிஏ' வரைதான் தெரியும். விண்டோஸ் ஹாட்ஸ்பாட் போடுவதோ 'டபிள்யூபிஏ 2'. புதுப் பூட்டுக்குப் பழைய சாவி எப்படிச் சேரும்?

பூட்டே போடாமல் திறந்து விட்டால் சேரும்தான். ஆனால் தெருவில் போகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து கொள்வார்கள். நாங்க அதைச் செய்யவில்லை. பிஎஸ்பியில் நெட் இல்லாமலே விளையாடச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

7. நான் செய்த தவறு

இனிமேல் சொல்லப் போவதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமானது.

எங்க அப்பா விசைப்படகில் போறாங்க. அன்றைக்குச் சனிக்கிழமை. காலையில் கடலுக்குப் போனாங்க. ஞாயிறு விடியற்காலை 5 மணிக்கெல்லாம் கரைக்கு வந்துடுவாங்க. கொஞ்ச தூரம் போனதும் கடலில் போன் டவர் கிடைக்காது என்று உங்களுக்கே தெரியும். படகுகள் கரைக்குப் பக்கத்தில் வந்ததும்தான் செய்தி வரும். அதுவும் வாட்ஸ்அப் குரூப்பில் குரல் செய்தியாகத்தான் போடுவாங்க. அம்மா எழுந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

சனிக்கிழமை ராத்திரி தம்பியும் சித்தப்பா மகனும் விளையாட உட்கார்ந்தாங்க. "உன் விளையாட்டு பழசு, அப்டேட் செய்" என்று வந்தது. இரண்டு பேரிடமும் ஒரே பதிப்பு இருந்தால்தான் சேர முடியும். சரி என்று அழுத்தினோம். நடு நடுவே லேப்டாப் தூங்கிப் போய் நெட் அறுந்து அறுந்து போச்சு. நான் பெரிய அறிவாளி மாதிரி லேப்டாப் செட்டிங்ஸில் போய், 'எப்போதும் தூங்காதே' என்று மாற்றினேன். 'காலையில் அப்டேட் முடிஞ்சிருக்கும், விளையாடலாம்' என்று தம்பியிடம் சொல்லிட்டு, எல்லாவற்றையும் அப்படியே ஆனில் விட்டுவிட்டுப் படுத்துவிட்டோம்.

ராத்திரி என்ன நடந்தது என்று மறுநாள்தான் கண்டுபிடித்தேன்.

கேம் பெட்டி மட்டும் இறக்கிக்கொண்டு இருக்கவில்லை. பல மாதமாக நல்ல நெட்டே பார்க்காத லேப்டாப், வயர் இணைப்பு கிடைத்ததும் தன் விண்டோஸ் அப்டேட்டையும் இறக்க ஆரம்பித்துவிட்டது. வயரில் வருவது என்றால் அளவில்லாத நெட் என்று அதற்கு நினைப்பு. அந்த வயரின் மறுமுனையில் இருப்பது அம்மாவின் 1.5 ஜிபி என்று அதற்குத் தெரியாது. ராத்திரி 11 மணிக்கு அன்றைய டேட்டா முடிந்தது என்று போனுக்கு எஸ்எம்எஸ் வந்திருக்கு. 12 மணிக்கு அடுத்த நாளின் 1.5 ஜிபி வந்தது. இரண்டே முக்கால் மணிக்குள் அதையும் குடிச்சிருச்சு.

டேட்டா தீர்ந்தால் நெட் அடியோடு நிற்காது. 64 கிலோபிட் வேகத்தில் சொட்டுச் சொட்டாக வரும். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். 64-ஐ 8-ஆல் வகுத்தால் 8 கிலோபைட். அதாவது ஒரு நொடிக்கு 8 கிலோபைட். இந்த வேகத்தில் 1 ஜிபி இறக்க ஏறக்குறைய 1,25,000 நொடி ஆகும், அதாவது 34 மணி நேரத்துக்கு மேல்! அந்தச் சொட்டுக்கும் லேப்டாப்பும் கேம் பெட்டியும் போட்டி போட்டுக்கொண்டு இருந்தன. தெருக்குழாயில் தண்ணீர் சொட்டும்போது இரண்டு பெரிய குடத்தை யாரோ முன்னாடியே வைத்துவிட்டால், சின்னச் செம்போடு வருகிறவர் என்ன செய்வார்?

அம்மாதான் அந்தச் செம்போடு வந்தவங்க.

4 மணிக்கு எழுந்து போனைப் பார்த்தாங்க. சார்ஜ் ஏறட்டும் என்று வயரைக் கழற்றவில்லை. 5 ஆச்சு, அப்பா வரவில்லை. ஐந்தரைக்குக் குரூப்பில் குரல் செய்தி வந்த அடையாளம் தெரிஞ்சது. தொட்டாங்க. வட்டம் சுத்துது. அதற்கு மேலே இன்னொரு செய்தி, இன்னொரு செய்தி. எல்லாவற்றிலும் வட்டம்தான் சுத்துது. ஒன்றும் திறக்கவில்லை. படகு ஓனர் வீட்டுக்குப் போன் போட்டாங்க, யாரும் எடுக்கவில்லை.

நம்ம ஊரில் படகு நேரத்துக்கு வரவில்லை, ஆனால் குரூப்பில் மட்டும் வரிசையாகச் செய்தி வருது என்றால், ஒரு அம்மா என்னவெல்லாம் நினைப்பாங்க என்று உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. நம்மில் பாதிப்பேர் வீட்டில் இது நடந்திருக்கும்.

எங்களை எழுப்பவும் இல்லை. வாசல்படியில் போனைக் கையில் வைத்துக்கொண்டு, வயர் எட்டுகிற தூரம் வரை வந்து உட்கார்ந்திருந்தாங்க. ஏழே காலுக்குப் பக்கத்து வீட்டுச் சித்தி ஓடி வந்து, "மதினி, கேட்டீங்களா, கியர் பாக்ஸ் போயிருச்சாம். இன்னொரு படகு கட்டி இழுத்துட்டு வருதாம். எல்லாரும் நல்லா இருக்காங்களாம், மதியம் ஆகுமாம்" என்று சொன்ன பிறகுதான் அம்மாவுக்கு மூச்சே வந்தது. சத்தம் கேட்டு நான் எழுந்து வந்தேன். அம்மா முகத்தைப் பார்த்துட்டு, வயரைப் பார்த்தேன். உடனே பிடுங்கினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஐந்து குரல் செய்தியும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தது. முதல் செய்தியிலேயே, "எல்லாரும் நல்லா இருக்கோம், பயப்படாதீங்க" என்று இருந்தது.

அம்மா என்னைத் திட்டவில்லை, அடிக்கவும் இல்லை. "இது வந்து எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று மட்டும் கேட்டாங்க. ஒன்றே முக்கால் மணி நேரம். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அப்பா மதியம் 1 மணிக்கு வந்து சேர்ந்தாங்க.

8. இதைத் தவிர்ப்பது எப்படி?

அன்றைக்கே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து மாற்றினேன். நீங்கள் ஹாட்ஸ்பாட் போடுவதற்கு முன்பே இவற்றைச் செய்துவிடுங்கள்.

1) லேப்டாப்பில்: செட்டிங்ஸ், 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', 'ஈதர்நெட்'. இணைப்பின் பெயரைத் தொட்டால் 'மீட்டர்டு கனெக்ஷன்' என்று இருக்கும். அதை ஆன் செய்யுங்கள். 'இது அளந்து வருகிற நெட்' என்று லேப்டாப்புக்குச் சொல்வதற்குச் சமம். பெரும்பாலான அப்டேட்களைக் கேட்காமல் இறக்காது.

2) கேம் பெட்டியில்: 'சிஸ்டம் செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'ஆட்டோ அப்டேட் சாஃப்ட்வேர்'. இதை ஆஃப் செய்யுங்கள்.

3) கேம் பெட்டியின் பட்டனை ஒருமுறை அழுத்தினால் அது தூங்கும், ஆனால் தூக்கத்திலும் இறக்கும்! பட்டனை 3 நொடி பிடித்து, 'பவர் ஆப்ஷன்ஸ்' போய், முழுவதும் அணையுங்கள்.

4) போனில்: செட்டிங்ஸில் டேட்டா அளவுக்கு எச்சரிக்கையும் எல்லையும் வைக்கலாம். எங்க வீட்டில் 1 ஜிபியில் எச்சரிக்கை வைத்திருக்கோம். எச்சரிக்கை வந்ததும் தம்பி தானே வயரைக் கழற்றணும். மீதி அரை ஜிபி அம்மாவுக்கு.

5) லேப்டாப்பைத் 'தூங்காதே' என்று மாற்றாதீர்கள். அது தூங்கினால் உங்களுக்கு நஷ்டம் ஒரு விளையாட்டுதான்.

6) பெரிய அப்டேட் வந்தால், அளவில்லாத நெட் இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்குக் கேம் பெட்டியை எடுத்துப் போய் முடித்துவிட்டு வாருங்கள்.

7) எல்லாவற்றையும் விட முக்கியம்: அப்பா கடலில் இருக்கிற ராத்திரி அம்மாவின் போனில் எதையும் மாட்டக் கூடாது. இது எங்க வீட்டுச் சட்டம். நான்தான் போட்டேன். தம்பியும் ஒப்புக்கொண்டான்.

9. தோழிகள் கேட்ட கேள்விகள்

கேள்வி: லேப்டாப் வைஃபையில் நெட் வாங்கி, அதே வைஃபையில் கேம் பெட்டிக்குக் கொடுக்க முடியுமா?
பதில்: பெரும்பாலும் முடியும். ஆனால் ஒரே வைஃபை வாங்கவும் கொடுக்கவும் வேண்டும் என்பதால் வேகம் குறையும். வயரில் வாங்கி, காற்றில் கொடுப்பதுதான் நல்லது.

கேள்வி: ஹாட்ஸ்பாட் தானாக அணைந்து போகிறதே?
பதில்: யாரும் சேராமல் கொஞ்ச நேரம் இருந்தால் மின்சாரம் மிச்சம் பிடிக்கத் தானே அணையும். கேம் பெட்டியைத் தயாராக வைத்துக்கொண்டு ஆன் செய்யுங்கள்.

கேள்வி: இப்பவும் தம்பி விளையாடுகிறானா?
பதில்: ஆமாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம். அப்பா வீட்டில் இருக்கும்போது. போன வாரம் அப்பாவும் ஒரு பந்தயம் ஓட்டிப் பார்த்தாங்க. கடைசியாக வந்தாங்க. "படகுன்னா ஜெயிச்சிருப்பேன்" என்றாங்க.

தோழர்களே! ஒரு கருவியை இன்னொன்றோடு இணைப்பது கஷ்டமான வேலை இல்லை. எட்டு படிதான். ஆனால் இணைத்தபிறகு, அந்த வழியாக என்ன போகுது, எவ்வளவு போகுது, அது யாருடைய பங்கு என்று பார்ப்பதும் நம்ம வேலைதான். உங்க வீட்டில் இருப்பதும் ஒரே ஒரு போன் என்றால், வயரை மாட்டுவதற்கு முன்னால் அந்தப் போனில் யாருடைய செய்திக்காக யார் காத்திருக்காங்க என்று ஒரு தடவை யோசியுங்கள்.

சந்தேகம் இருந்தால் மதிய இடைவேளையில் என்னிடம் கேளுங்கள். தெரிந்ததைச் சொல்லித் தருகிறேன். பிழை இருந்தால் ஆசிரியர்கள் பொறுத்தருள வேண்டுகிறேன்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி